தம்பி இருக்கான்

பேப்பர் பண்டல் கட்டுகிற பிளாஸ்டிக் கயிறு அது. முடிச்சுப் போட்டவன் நான். இரண்டு சுற்று சுற்றி, ஷட்டரின் அடியில் பூட்டு மாட்டுகிற வளையத்தில் இறுக்கிக் கட்டினேன். 2023 டிசம்பர் 2, சனிக்கிழமை. சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஆயாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து அவிழ்த்துவிடலாம், அதுவரைக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நடந்ததை வீட்டிலும் கடையிலும் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை தவிர, மற்ற எல்லாத் தடவையும் இந்தக் கயிற்றை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.

பாரிமுனையில் ஆண்டர்சன் தெரு என்றால் காகிதம். கல்யாணப் பத்திரிகை, நோட்டு, அட்டை, ஆர்ட் பேப்பர் என்று தெரு முழுக்க அதே வியாபாரம். அங்கே ஒரு கடையில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். தினமும் குரோம்பேட்டையில் ரயில் ஏறி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடந்து வருவேன். ஆயாவை எனக்கு ஏழெட்டு வருடமாகத் தெரியும். எங்கள் தெருவில் விழுகிற கழிவு அட்டையையும் காகிதத் துண்டையும் பொறுக்கிச் சாக்கில் கட்டி, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடுவார். ராத்திரி எங்கள் கடைக்கு எதிரே, என்றைக்கோ மூடிப்போன ஒரு கடையின் படியில் படுக்கை. பிளாட்பாரத்தில் பிறந்து பிளாட்பாரத்திலேயே பிள்ளை பெற்று வாழ்கிற குடும்பங்கள் அந்தப் பக்கம் பல உண்டு. ஆயாவுக்குக் குடும்பம் என்று யாரையும் நான் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் கூடவே திரிந்த ஒரு செவலை நாயைத்தான்.

அதற்குப் பெயர் தம்பி.

காலையில் டீக்கடையில் ஆயா ஒரு டீயும் இரண்டு பொறையும் வாங்குவார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஆயா பொறையை டீயில் முக்கி, எடுத்து, இரண்டு தடவை ஊதி, உள்ளங்கையில் வைத்து நீட்டுவார். நாய் பிடுங்காது. பல் படாமல் நாக்காலேயே எடுத்துக்கொள்ளும். இரண்டு பொறையும் தீர்ந்த பிறகு, பொறையின் துகள் மிதக்கிற அந்தக் கால் டம்ளர் டீயை ஆயா குடிப்பார். ஈரக் கையை நாயின் முதுகிலேயே துடைத்துக்கொள்வார். மத்தியானம் அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் ஐந்து ரூபாய். அதிலும் முதல் பிடி தம்பிக்குத்தான்.

எனக்கு அது பொறுக்காது. எல்லாவற்றையும் வரவு, செலவு என்று பார்த்தே பழகிய புத்தி. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"உனக்கே வயித்துக்கு இல்ல ஆயா. இதுக்கு எதுக்கு ரெண்டு பொறை?"

"அவன் ராவெல்லாம் முழிச்சினு கெடக்கான் நைனா. நான்தான தூங்கறேன்."

இந்தப் பதிலை நான் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. எங்கள் தெருவுக்குச் சரக்கு லாரி ராத்திரியில்தான் வரும். சந்தில் ரிவர்ஸ் எடுக்கிற லாரிக்காரனுக்குப் படியில் படுத்திருக்கிற ஆள் கண்ணுக்குத் தெரியாது. குடித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். தலைமாட்டில் வைத்த அட்டை மூட்டையையே திருடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டிய ஒரு பொம்பளை அந்தத் தெருவில் கண்ணை மூடித் தூங்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். நான் ஆறரை மணிக்குக் கணக்கை மூடிவிட்டு ரயில் ஏறிவிடுகிறவன். அந்தத் தெருவின் ராத்திரியை ஒருநாளும் பார்த்ததில்லை.

கயிறு கட்டியதற்கு முந்தின வருடம் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மாநகராட்சி நாய் வண்டி வந்து, கருத்தடைக்காகத் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஆயா நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார். அவருக்குத் தெரிந்த பழைய நாய் வண்டியில் போன நாய் திரும்பி வராது. கொல்வதை நிறுத்திவிட்டுக் கருத்தடைக்குச் சென்னை மாறியது 1996-ல்தான். "பிடிச்ச எடத்துலயே கொண்டாந்து விட்டுடுவாங்க ஆயா, அதுதான் சட்டம்" என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். உண்மையும் அதுதான். 2001-ல் வந்த விதியும் அதைத்தான் சொல்கிறது, 2023-ல் அதற்குப் பதிலாக வந்த விதியும் அதைத்தான் சொல்கிறது. ஆயா அந்தப் படியை விட்டு நகரவே இல்லை. அட்டை பொறுக்கக்கூடப் போகவில்லை. சில நாள் கழித்து ஒரு காலையில், காதில் வெட்டோடு தம்பி அதே இடத்தில் வந்து இறங்கியது. "நீ சொன்னாப்புலயே வுட்டுட்டாங்க நைனா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்கிற நம்பிக்கை ஆயாவுக்கு அன்றைக்குத்தான் வந்திருக்க வேண்டும்.

அந்த நம்பிக்கையை வைத்துத்தான் டிசம்பர் 2-ஆம் தேதி அவரை ஆட்டோவில் ஏற்றினேன்.

மிக்ஜாம் புயல் வருகிறது என்று டிவியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாருக்கும் அந்த எச்சரிக்கையைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். வீடில்லாதவர்களுக்கான காப்பகம் ஒன்று எங்கள் தெருவிலிருந்து மூன்று நாலு கிலோமீட்டரில் இருந்தது. பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்ன பிறகு ஊருக்கு ஊர் வந்தவை அவை. மழை முடிகிற வரைக்கும் ஆயாவை அங்கே விடுவது என்று நானே முடிவு செய்தேன். நல்லது செய்யப்போகிறோம் என்கிற வேகம். மத்தியானம் ஃபோன் செய்து இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார்கள். நாய் வரலாமா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"தம்பிய வுட்டுட்டு நான் வரல" என்றார் ஆயா.

"நாலு நாள்தான் ஆயா. நான் பாத்துக்கறேன். தினமும் பொறை வாங்கிப் போடறேன். போதுமா?"

இதைச் சொன்னபோது மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு என்பதுகூட என் நினைவில் இல்லை. கொஞ்சம் கோபமாகவும் பேசினேன். தண்ணி வந்தால் போய்ச் சேர்ந்துவிடுவாய், அப்போது இந்த நாயா காப்பாற்றும் என்று கேட்டேன். ஆயா என்னைப் பார்த்தார். பதில் சொல்லவில்லை. துணி மூட்டையைக் கட்ட ஆரம்பித்தார்.

ஆட்டோ வந்ததும் தம்பி முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. டிரைவர் கத்தினார். இறக்கிவிட்டால் பின்னாலேயே ஓடிவரும், வண்டியில் அடிபடும் என்று தோன்றியது. கடைக்குள் போய்க் கயிற்றை எடுத்து வந்தேன்.

"கட்டாத நைனா. அவன் கட்டிப்போட்டுப் பழகாதவன்."

"அஞ்சு நிமிஷம் ஆயா. நீ ஏறு."

ஆட்டோ தெருமுனை திரும்புகிற வரைக்கும் அது குரைத்த சத்தம் கேட்டது. ஆயா திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

காப்பகம் நல்ல இடம். சுத்தமான பாய், சூடான சாப்பாடு, பெண்களுக்குத் தனிக் கூடம். பொறுப்பிலிருந்த அம்மா தன்மையாகப் பேசினார். ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பெயர் கேட்டார். ஏழெட்டு வருடப் பழக்கத்தில் ஆயாவின் பெயர் எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். வயது, சொந்த ஊர், என்ன நோய் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர், அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா பாட்டி?"

"தம்பி இருக்கான்" என்றார் ஆயா.

"தம்பியா? எங்க இருக்காரு? ஃபோன் நம்பர் இருக்கா?"

நான் சிரித்தேன். "அது நாய் மேடம். இல்லைன்னு போட்டுக்கங்க" என்றேன்.

அந்த அம்மாவும் லேசாகச் சிரித்துக்கொண்டே எழுதினார். உறவினர்: இல்லை. நீல மையில் எழுதியது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆயா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் என்ன எழுதினார்கள் என்பது புரிந்துவிட்டது.

வெளியே வந்தபோது மழை வலுத்துவிட்டது. பாரிமுனைப் பக்கம் போகிற பஸ் எதுவும் கண்ணில் படவில்லை. எழும்பூர் போகிற பஸ் வந்தது, ஏறிவிட்டேன். எழும்பூரில் தாம்பரம் ரயில். கூட்டம் குறைவாக இருந்ததால் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நல்ல காரியம் ஒன்று செய்த திருப்தியில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன்.

சைதாப்பேட்டையில் ரயில் நின்றபோது கயிறு ஞாபகம் வந்தது.

அந்த ஸ்டேஷனில் ரயில் அரை நிமிடம் நின்றிருக்குமா? அந்த அரை நிமிடத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப வாழ்ந்துவிட்டேன். இறங்கி எதிர்ப் பக்கம் போனால் கடற்கரை போகிற வண்டி வரும். ஒரு மணி நேரத்தில் போய் அவிழ்த்துவிட்டு, இன்னொரு ஒன்றரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். பையைத் தோளில் மாட்டக்கூடச் செய்தேன். வெளியே மழை சரம் சரமாக அடித்தது. குடை இல்லை. உட்கார இடமும் கிடைத்திருக்கிறது. டீக்கடைக்காரர் பார்ப்பார், லோடு இறக்குகிற பையன் பார்ப்பான், யாராவது அவிழ்த்துவிடுவார்கள். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே ரயில் கிளம்பிவிட்டது. கிண்டி வந்தபோது பையை மடியில் இறக்கி வைத்தேன். குரோம்பேட்டை வருவதற்குள் மனம் அதை ஒரு சின்ன விஷயமாக ஆக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மழை. திங்கட்கிழமை ஊரே தண்ணீரில். ரயில் இல்லை, கரண்ட் இல்லை, ஃபோன் சிக்னல் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆந்திராவில் பாபட்லா அருகே புயல் கரையைக் கடந்தது. புதன்கிழமைதான் என்னால் கடைக்குப் போக முடிந்தது.

ஆயா எதிர்ப் படியில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஈரப் புடவை. மடியில் என் கயிறு. ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. ஒரு முனையில் நான் போட்ட முடிச்சு, பூட்டு வளையத்திலிருந்து நகத்தால் நெண்டி எடுத்தது. இன்னொரு முனை பிரி பிரியாகக் கடிபட்டு, பஞ்சு மாதிரி நின்றது. அதை விரலால் நீவிக்கொண்டே இருந்தார்.

காப்பகத்தில் சனிக்கிழமை ராத்திரி ஆயா தூங்கவே இல்லையாம். பழக்கம் இல்லாத கூரை, பழக்கம் இல்லாத மூச்சுச் சத்தங்கள், கால்மாட்டில் காவலுக்கு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கிளம்பி, மழையில் நடந்தே வந்திருக்கிறார். வந்து பார்த்தபோது கயிறுதான் இருந்திருக்கிறது. அன்றைக்கும் மறுநாளும் அந்தப் படியிலேயே இருந்திருக்கிறார், தண்ணீர் ஏற ஏற மேல்படிக்கு நகர்ந்து நகர்ந்து. டீக்கடைக்காரர் கூப்பிட்டும் உள்ளே போகவில்லை.

எனக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"வண்டி பின்னால கொஞ்ச தூரம் ஓடியாந்திருப்பான் நைனா. அப்பால திரும்பி வந்து இங்கதான் படுத்துனு இருந்திருப்பான். எனக்குத் தெரியும் அவன. கட்டினதாலதான் பயந்துட்டான். இந்த எடமே ஆவாதுன்னு ஓடிட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து, கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் நைனா கட்டின?"

அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த, சட்டம் தெரிந்த, எது நல்லது என்று தெரிந்த ஒரு ஆள் ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்டார். நான் சைதாப்பேட்டையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதன்பிறகு தேடாத இடமில்லை. மண்ணடி, ராஜாஜி சாலை, துறைமுகச் சுவர் ஓரம், ராயபுரம் பாலத்தடி. கடை முடிந்ததும் ஒரு மணி நேரம் நடப்பேன். நாய்களைப் பராமரிக்கிற இடங்களுக்கும் போய்ப் பார்த்தேன். காதில் வெட்டு விழுந்த செவலை நாய் சென்னையில் எத்தனை ஆயிரம் இருக்குமோ. ஒவ்வொன்றையும் "தம்பி" என்று கூப்பிட்டுப் பார்ப்பேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

என் மகளிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொன்னேன், கயிற்றையும் சேர்த்து. அவள் எதுவும் சொல்லாமல் ஃபோனில் தேடிப் படித்துக் காட்டினாள். 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது நியூ ஆர்லியன்ஸில் எத்தனையோ பேர் நாயையும் பூனையையும் விட்டுவிட்டு வர மாட்டோம் என்று வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு, பேரிடர்த் திட்டம் போடும்போது வளர்ப்புப் பிராணிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2006-ல் அமெரிக்காவில் ஒரு சட்டமே வந்தது. லெஸ்லி இர்வின் என்கிற சமூகவியல் பேராசிரியர், தெருவில் நாயோடு வாழ்கிறவர்களைச் சந்தித்துப் பேசி 2013-ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். என் நாய்தான் எப்போதும் முதலில் சாப்பிடும் என்பதுதான் அதன் தலைப்பு. தலைப்பைக் கேட்டதும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அதை எனக்குத் தினமும் டீக்கடையில் கண்ணெதிரே காட்டியிருக்கிறார் ஆயா. நான்தான் அதை வீண் செலவு என்று எழுதி வைத்திருந்தேன்.

தருமர் கதையை அப்பா எனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். கடைசி வரை கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டு வந்தால்தான் சொர்க்கத்துக்கு ரதம் ஏறலாம் என்கிறான் இந்திரன். தருமர் ஏறவில்லை. அந்தக் கதையில் என் இடம் எது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. ஆட்டோவைக் கூட்டிக்கொண்டு வந்து, நாயை இறக்கிவிட்டு ஏறு என்று சொன்னவன் நான்.

காப்பகத்துக்கு மறுபடியும் ஒருமுறை போனேன். அந்தப் பதிவைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். கணக்குப் புத்தகத்தில் பிழை வந்தால் அழிக்கக் கூடாது, கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும் என்பது என் தொழில். அந்த அம்மா முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு, போனவர்களின் பக்கத்தில் கை வைக்க முடியாது சார் என்றார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பும்போது, "நாயைக் கட்ட அந்த மூலையில ஒரு தகரக் கொட்டகை இருந்தாப் போதும் சார். இதுக்காகவே உள்ள வராதவங்க இருக்காங்க" என்றார். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தது. முந்தின நாள் ஆயாவிடம் போனேன். காப்பகத்தின் பெயரை எடுக்கவில்லை. எங்கள் கடை மாடியில் சரக்கு அறை காலியாக இருக்கிறது, முதலாளியிடம் பேசிவிட்டேன், நாலு நாள் அங்கே வந்து படு என்றேன். நிஜமாகவே பேசியிருந்தேன். பத்தடி தூரம்தான்.

ஆயா தலையை ஆட்டினார்.

"போன தபா வண்டி புடிச்சினு போனப்போ இங்கதான கொண்டாந்து வுட்டாங்க. நீதான் சொன்ன, புடிச்ச எடத்துலதான் வுடுவாங்கன்னு. நான் மேல போயிட்டா அவன் வந்து யாரப் பாப்பான்?"

தார்ப்பாய் வாங்கிப் படிக்கு மேலே கட்டிக் கொடுத்தேன். அதற்கும் கயிறு தேவைப்பட்டது. கை நடுங்கியதால் லோடு பையன்தான் முடிச்சுப் போட்டான்.

ஆயா இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது ராத்திரியில் உட்கார்ந்துகொண்டே விழித்திருக்கிறாராம், பகலில் கொஞ்சம் கண் அசருகிறார். காலையில் டீயும் இரண்டு பொறையும் வாங்குவது நிற்கவில்லை. தெருவில் எந்த நாய் வந்தாலும் ஊதிக் கொடுக்கிறார்.

வடசென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நடுத்தர உயரம், செவலை நிறம், வால் நுனி வெள்ளை. இடது காதில் வெட்டு. கழுத்தில் பிளாஸ்டிக் கயிறு ஏதாவது மிச்சம் இருக்கலாம், இருந்தால் அறுத்துவிடுங்கள். தம்பி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். பொறையை டீயில் முக்கி, ஊதிக் கொடுங்கள், பிடுங்காமல் வாங்கிக்கொள்ளும். ஆண்டர்சன் தெருவில் எந்தப் பேப்பர் கடையில் கேட்டாலும் ஆயா இருக்கிற படியைக் காட்டுவார்கள். கட்டாமல் கூட்டிக்கொண்டு வாருங்கள்.